கோல் போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு போர்வெல்

காலைப் பயிற்சிக்கு வரும் கால்பந்துப் பயிற்சியாளருக்கு அநேகமாகத் தினமும் பொன்னாடை போர்த்துகிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் அணியின் மைதானத்தில் அது நடந்தது. நான் விசிலை வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஒரு கார் வந்து நிற்கும். கோழித் தீவன வியாபாரி, லாரிக்கு பாடி கட்டுகிறவர், தனியார் பள்ளித் தாளாளர் என்று யாராவது ஒருவர் இறங்குவார். நார்வே கோச்சைக் கௌரவிக்க வேண்டும் என்பார். ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்று கைதட்டுவார்கள். போட்டோக்காரர் திருப்திப்படும்வரை நான் சரிகைத் துணிக்குள் வேர்த்து வடிந்தபடி சிரிக்க வேண்டும். பயிற்சி எப்போது ஆரம்பிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் என் அறையில் பந்துகளைவிடப் பொன்னாடைகள் அதிகமாகிவிட்டன.

நான் பிறந்து வளர்ந்ததும் இதே பக்கம்தான். கல்யாணமாகி நார்வேயின் மேற்குக் கரையில், வருடம் முழுக்க மழை பெய்கிற ஒரு சின்ன ஊருக்குப் போனேன். கல்லூரியில் ஆடிய பழக்கத்தில் அங்கே பயிற்சியாளர் படிப்பு முடித்து, பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரப் போன முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. “நான்தான் புதிய பயிற்சியாளர்” என்று தெரிந்த அளவு நார்வேஜிய மொழியில் சொன்னேன். மழைக்கோட்டு போட்ட ஒரு மனிதர் தலையசைத்து என் கையில் ஒரு வாரியைக் கொடுத்தார். செயற்கைப் புல்லில் ஒதுங்கிக் கிடக்கும் ரப்பர்த் துகளைப் பரப்புகிற வாரி. என் நிறத்தைப் பார்த்துத் துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. “நான் பயிற்சியாளர்” என்று மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் தலையசைத்து, வாரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அவர்தான் கிளப்பின் தலைவர் என்பதும், பேசி முடித்துவிட்டு அவரும் ஒரு வாரியோடு அந்தப் பக்கம் போனார் என்பதும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அங்கே இதற்கு டுக்னாட் என்று பெயர். ஊர் வேலையை ஊரே சேர்ந்து, கூலியும் நன்றியும் இல்லாமல் செய்வது. கோப்பை ஜெயித்த அன்றும் பெற்றோர்கள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நாற்காலிகளை மடிக்கப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பொன்னாடையாவது போர்த்தினால் குறைந்தா போவார்கள் என்று அன்றைக்கு ஏங்கினேன். ஏங்கியதை எங்கள் ஊர் வட்டியோடு தீர்த்து வைத்தது.

ஒரு சீசனுக்கு மட்டும் என்று என்னை அழைத்தவர் ரிக் பெரியசாமி. போர்வெல் போடும் ரிக் வண்டிகளை இந்தியாவின் பாதி மாநிலங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிற மனிதர். ஒரு கல்லூரி நடத்திக்கொண்டிருந்த பெண்கள் அணி எப்படியோ முட்டிமோதித் தேசிய மகளிர் லீக்குக்குத் தேறிவிட்டது. தேறிய செய்தி வந்ததும் கல்லூரி பயந்துபோய்க் கையைக் கழுவியது. பெரியசாமி அள்ளிக்கொண்டார். பந்து உருண்டையானது என்பதைத் தாண்டி அவருக்கு இந்த விளையாட்டில் எதுவும் தெரியாது. ஆனால் கபடிக்கு, சேவல் கண்காட்சிக்கு, ஜல்லிக்கட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் புரவலர்கள் இருந்த எங்கள் பகுதியில் தேசிய லீக் பெண்கள் அணி வைத்திருப்பவர் என்ற இடம் காலியாக இருந்தது. போனில் என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார்.

“கோச்சம்மா, லீக்குல நின்னுட்டோம்னா அடுத்த வருசமும் நடத்துவனுங்க. கீழ எறங்கிட்டோம்னா டீமைக் கலைச்சுப்போட்டுக் கபடிக்குப் போயிருவேன். கீழ எறங்குன டீமுக்கு முதலாளின்னு பேரு எனக்கு வேண்டாமுங்க.”

அந்த வார்த்தையின் பாரம் முழுவதும் யார் தலையில் இறங்கியது என்பதை இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். கேப்டன் பூங்கொடி பள்ளிபாளையத்துக்காரி. சீசன் இல்லாத மாதங்களில் விசைத்தறி ஓட்டுகிறவள். முப்பதை நெருங்கிவிட்டாள், வலது முழங்கால் ஏற்கெனவே ஒரு முறை அறுவை சிகிச்சை பார்த்துவிட்டது. மற்ற பெண்களுக்கு இந்த அணி போனால் இன்னொரு அணி உண்டு. “என்னை வேற எந்த டீமுங்க எடுக்கும்? கேட்டதுமே முட்டியத்தான் பார்ப்பாங்க,” என்று முதல் வாரத்திலேயே சொன்னாள். புலம்பலாகச் சொல்லவில்லை, தறிக்கு நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு இந்த அணி இருந்தால் கால்பந்து, இல்லாவிட்டால் தறி. அவ்வளவுதான்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். லீக்காரர்கள் புல்தரை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பெரியசாமியின் காட்டில் கொழுக்கட்டைப்புல்கூட முளைக்க யோசிக்கும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர், மரங்களைத் தேடாதீர்கள். புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு போர் போட வேண்டும். அதற்கு ரிக்காரரைவிடப் பொருத்தமான முதலாளி யார்? இவ்வளவு தூரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட ரிக்காரரும் நீரோட்டம் பார்க்காமல் போர் போட மாட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து மைதானம் முழுக்க நடந்திருக்கிறார். தெற்குப் பக்கத்து கோல் போஸ்ட்டுக்கு நேர் முன்னால், கோல்கீப்பர் நிற்க வேண்டிய இடத்தில் தேங்காய் எழுந்து நின்றுவிட்டது. அங்கேயே போட்டுவிட்டார்கள். நான் விமானம் ஏறிய அன்று துளை போட்டார்களாம். நான் இறங்கி வந்து பார்க்கும்போது இரும்புக் குழாய், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று சகிதம் ஒரு போர்வெல் கோலை அடைத்துக்கொண்டு நின்றது.

“கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

பெரியசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெளிநாட்டில் இருந்து புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். “தேங்கா எந்திரிச்ச எடத்துலதானுங்க போட முடியும்? தண்ணி எப்படி வருது பாருங்க!” என்று சுவிட்சைப் போட்டார். தண்ணீர் உண்மையாகவே பீறிட்டு வந்தது. அக்கம்பக்கத்துக் காடுகளெல்லாம் வறண்டு கிடந்தபோது எங்கள் கோல் வாயில் மட்டும் ஆறு ஓடியது. ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்து பெனால்டி பாக்ஸுக்குள் வரிசை கட்டினார்கள். எங்கள் கோல்கீப்பர் அன்று மாலை முழுவதும் குடங்களுக்கு நடுவே பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்தாள். நல்ல பயிற்சிதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மைதானத்தைப் பார்வையிட வடக்கேயிருந்து லீக்கின் ஆய்வாளர் ஒருவர் வந்தார். கையில் அளவு நாடா வைத்திருந்த சாது மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியசாமிக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. ஆய்வாளர் குழாயைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று இந்தியில் கேட்டார். பெரியசாமி முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் பெரியசாமி ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டார். தலை முதல் கால்வரை நனைந்த ஆய்வாளர் பேச்சு வராமல் நின்றார். வியப்பில் வாயடைத்துப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்ட பெரியசாமி, துடைத்துக்கொள்ளத் துண்டு கேட்டு நீட்டிய அவருடைய கைக்கு மேலாக ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. போட்டோ இன்னும் அணி அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. மைதானம் தகுதியற்றது என்ற உத்தரவு அடுத்த வாரமே வந்தது. சரிசெய்யும்வரை எங்கள் ஹோம் மேட்ச் எல்லாம் எதிரணி ஜெயித்ததாகக் கணக்கு.

ஆடாமலே தோற்கிற விசித்திரத்தை நான் நார்வேயில் பார்த்ததில்லை. அங்கே பனி கொட்டி மைதானம் மூடிப்போனால் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து வாய் பேசாமல் தள்ளிவிடுவார்கள். சொல்லப்போனால் அந்த வாய் பேசாமைதான் எனக்கு அங்கே தீராத வருத்தம். என் மகள் கால் ஒடிந்து படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளினார், ஆனால் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரிலோ பூங்கொடியின் முழங்காலைப் பற்றி விசாரிக்காத ஆள் இல்லை. பஸ் கண்டக்டர் தைலம் சொன்னார். டீக்கடைக்காரர் வைத்தியர் பெயர் சொன்னார். போர்வெல்லை நகர்த்துவதற்கு மட்டும் ஒருவரும் வழி சொல்லவில்லை.

வெளியூர் ஆட்டங்களுக்கு ரயிலில் இரண்டு பகல் போய், தோற்று அல்லது முக்கி முனகி டிரா செய்து, இரண்டு பகல் திரும்பி வந்தோம். பெரியசாமி வழிக்கு அவித்த முட்டை கொடுத்தனுப்புவார். எங்கள் அணிக்கு மணிப்பூரிலிருந்து வந்திருந்த லீமா என்ற நடுக்கள ஆட்டக்காரி, முட்டையை உரித்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், மைதானத்துக்குப் பக்கத்திலேயே பெரிய கோழிப்பண்ணை இருக்கும்போது நமக்கு ஏன் நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து வேனில் முட்டை வருகிறது என்று. புதிதாக வந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். அந்தப் பண்ணை பெரியசாமியின் கூடப்பிறந்த தம்பி சின்னசாமியுடையது. பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் கோழி போட்ட முட்டையை என் டீம் தின்பதா என்று பெரியசாமிக்கு ஒரு வைராக்கியம்.

தீர்வு என்னவோ குழந்தைகூடச் சொல்லக்கூடியது. மைதானம் முழுவதையும் வடக்கே கொஞ்சம் தள்ளிவிட்டால் போர்வெல் கோலுக்குப் பின்னால், ஆட்டத்துக்கு வெளியே போய்விடும். அதை மூடிவைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை, ஊருக்கும் தண்ணீர் நிற்காது. ஆனால் வடக்கே தள்ளினால் அந்தப் பக்கத்து கோல் வரப்பைத் தாண்டிச் சின்னசாமியின் காட்டுக்குள் போய் நிற்கும். இதைச் சொன்னபோது பெரியசாமி வரப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பிறகு, “டீமைக் கலைச்சாலும் கலைப்பனுங்க, அவன்கிட்டப் போய் நிக்க மாட்டேன்,” என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு நாட்டின் லீக், அதில் ஒரு பெண்ணின் மொத்தப் பிழைப்பு, எல்லாம் ஒரு முழ அகல வரப்பில் தட்டி நிற்கிறது.

நானே சின்னசாமியிடம் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியசாமி வரப்புக்கு வந்து, யதேச்சையாகத் தென்னை மட்டையைப் பார்க்கிறவர் போல் நின்றார். அதன்பிறகு நடந்ததுபோன்ற உரையாடலை நார்வேயில் எந்த மொழிபெயர்ப்பாளரும் மொழிபெயர்த்திருக்க மாட்டார்.

“கோச்சம்மா, அவங்ககிட்டச் சொல்லுங்க,” என்றார் சின்னசாமி, பத்தடி தூரத்தில் நிற்கும் அண்ணனைக் காட்டாமல். “டீம் தொறப்பு விழாவுக்கு ஊருக்கெல்லாம் ஊடு ஊடாப் போய்ப் பத்திரிகை வெச்சாங்க. எனக்கு வாட்சப்புல வந்துச்சு.”

நான் திரும்பி, “வாட்சப்பில் வந்ததாம்,” என்றேன்.

“வெத்தல பாக்கோட போனா ஊட்டைச் சாத்திக்கிட்டா என்ன பண்றதுன்னு கேளுங்க,” என்றார் பெரியசாமி தென்னையிடம்.

“நான் எப்பங்க ஊட்டைச் சாத்துனேன்? முறையோட வந்தா எடம் என்ன, என்ன வேணும்னாலும் தருவேன். வாட்சப்புல வந்தவங்களுக்கு வாட்சப்புலதான் எடம்.”

சிக்கலின் நுனி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பெரியசாமி நகரவில்லை. முறையோடு போக வேண்டும் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது, கால்தான் வரவில்லை. கடைசியில் அவருக்குள் இருந்த முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். டீமை அனுப்பினார்.

அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆரஞ்சு ஜெர்சியும் முழங்கால்வரை சாக்ஸும் போட்ட பெண்கள், கையில் ஆளுக்கொரு சீர்த்தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கல்கண்டு, சின்னசாமியின் மனைவிக்கு ஒரு பட்டுச்சேலை. முன்னால் பூங்கொடி, பின்னால் லீமா, அவளுக்குப் பின்னால் கையுறையைக் கழற்றாமலே பூத்தட்டு ஏந்திய கோல்கீப்பர். பூட்ஸ் அடியில் இருக்கும் முளைகள் பொதபொதத்த மண்ணில் பதியப் பதிய வரப்பைத் தாண்டிப் போனார்கள். குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் சும்மா இருக்க முடியாமல் குலவை போட்டுவிட்டார். கல்யாணப் பெண் யார் என்று லீமா என்னைக் கேட்டாள். மைதானம்தான் என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

சின்னசாமி தட்டுகளைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார். “எங்கண்ணன் வரலீங்களா?”

“வரப்பு மேல நிக்கறாங்க,” என்றாள் பூங்கொடி. “அண்ணா, நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, பேசாமக் கெடங்க, அது உங்க பாடு. எனக்கு ஆடறதுக்கு எடம் வேணும். இந்த வருசம் போச்சுன்னா எனக்கு அடுத்த வருசம் இல்லீங்க.”

அவர் தட்டை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். “நிக்கட்டும். எடத்தை எடுத்துக்க, கண்ணு,” என்றார். பிறகு உரத்து, வரப்புவரை கேட்கும்படி, “ஆனா எங்காட்டுல புல்லு நான்தான் வெப்பேன். அவங்க தண்ணியில மொளைச்ச புல்லு எனக்கு வேண்டாம்!” என்றார்.

வைத்தார். கோழி எருவை வண்டி வண்டியாகக் கொட்டி வைத்தார். வரப்பைச் சமப்படுத்தி, கோடு போட்டு, தெற்கே போர்வெல்லுக்குக் கம்பி வலை அடித்து, இரண்டாம் முறை ஆய்வாளர் வந்து, மோட்டாரிலிருந்து தூரமாகவே நின்று ஒப்புதல் கொடுத்தபோது, மைதானம் இரண்டு பச்சையாக இருந்தது. பெரியசாமி பக்கம் வெயிலில் வெளுத்த பச்சை. வடக்குக் கோலை ஒட்டிச் சின்னசாமி பக்கம் கண்ணை உறுத்தும் கரும்பச்சை, அடர்த்தியான மெத்தை. வரப்பு போய்விட்டது, வரப்பு இருந்த இடம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து முட்டை பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தது. யார் கொடுத்தனுப்பினார்கள் என்று பெரியசாமி கேட்கவில்லை, எண்ணிக்கையையும் சோதிக்கவில்லை.

மிச்சமிருந்த ஹோம் மேட்ச்களில் ஜெயித்து ஏறி வந்தோம். கடைசி ஆட்டம் டிரா ஆனால் போதும், லீக்கில் நின்றுவிடுவோம். தோற்றால் இறங்க வேண்டியதுதான். அன்றைய ஆட்ட நேரம் எமகண்டத்தில் விழுந்தது. லீக் நேரத்தை மாற்றாது என்றதும் பெரியசாமி நல்ல நேரத்திலேயே பூங்கொடியை அழைத்து, காலி மைதானத்தின் நடுவில் பந்தை ஒரு தட்டுத் தட்டவைத்தார். ஆட்டம் ஆரம்பித்தாயிற்று என்று சாமிக்குத் தெரிந்தால் போதும், ரெஃப்ரிக்குத் தெரிய வேண்டியதில்லை. சிறப்பு விருந்தினர்கள் இருவர், அண்ணன் ஒரு பந்தலில், தம்பி இன்னொரு பந்தலில். ஃபிளெக்ஸில் இரண்டு முகங்களும் ஒரே அளவு. வீராங்கனைகளின் படங்கள் கீழே தபால்தலை அளவில் இருந்தன.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் நாங்கள் வடக்கே பார்த்து ஆட வேண்டும். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பூங்கொடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். மாற்றிவிடவா என்று சைகையில் கேட்டேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, லீமா நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்தை அனுப்பினாள். நீளம் அதிகம். எந்த மைதானத்திலும் அது உருண்டு கோல்கீப்பர் கையில் போய்ச் சேருகிற பந்துதான். அவர்களுடைய தடுப்பாட்டக்காரியும் அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டாள். கோல்கீப்பர் குனிந்து கையை விரித்துக் காத்திருந்தாள். முதல் பாதி முழுக்கத் தெற்கே நின்றவள், சின்னசாமியின் புல்லோடு அவளுக்குப் பழக்கம் இல்லை. வெளுத்த பச்சையில் ஓடிவந்த பந்து கரும்பச்சையில் ஏறியதும் சேற்றில் விழுந்ததுபோல் நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருந்தாள். நொண்டிக்கொண்டுதான் ஓடினாள். கோல்கீப்பர் நிமிர்வதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது.

நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நார்வேயில் இத்தனை வருடம் எந்த கோலுக்கும் நான் அழுததில்லை, அங்கே யாரும் அழுவதில்லை என்பதால் எனக்கும் வரவில்லை.

விசில் ஊதி, பெண்கள் பூங்கொடியைத் தூக்கிச் சுற்றி இறக்கி, கூட்டம் உள்ளே புகுந்தபோது இரண்டு பந்தலும் காலியாகிவிட்டன. அண்ணனும் தம்பியும் பச்சை மாறுகிற இடத்தில் எதிரெதிரே நின்றார்கள். பாகம் பிரித்த பிறகு முதல் முறையாக இருவரும் நேருக்கு நேர் பேசினார்கள், கத்தினார்கள் என்று சொல்வதுதான் சரி.

“என்ற டீமு போட்ட கோலு!”

“விழுந்தது என்ற காட்டுல! என்ற புல்லு இல்லீன்னா பந்து அக்கட்டால போயிருக்கும்!”

“பந்து யாரு வாங்குனது?”

“எருவு யாரு போட்டது?”

கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “கோச்சம்மா, நீங்க பொதுவான ஆளு. நீங்களே சொல்லுங்க.”

பொதுவான ஆள். நார்வேயிலும் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். புதிதாக வரும் சோமாலியக் குடும்பத்துக்கும் கிளப்புக்கும் நடுவே ஏதாவது பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நீ இரண்டையும் புரிந்தவள் ஆயிற்றே என்பார்கள். கௌரவமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பொதுவான ஆளுக்கு எந்தப் பக்கத்திலும் பங்கு கிடையாது என்பது பாகம் பிரித்த எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் எனக்கு விமானம். நானும் இங்கே உதைத்து அனுப்பிய பந்துதான், வேறு யாரோ வைத்த புல்லில் போய் நின்றுவிட்டேன். அது யாருடைய கணக்கு என்று என்னால் எனக்கே சொல்ல முடியாதபோது இவர்களுக்கு என்ன தீர்ப்பு சொல்வது?

பூங்கொடி வலைக்குப் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். நிற்கக்கூட இல்லை.

“ஏனுங்க சண்டை? கோலு எனக்குங்க.”

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளுத்த புல்லில் நடந்தாள். அண்ணனும் தம்பியும் அவளுக்குப் பின்னாலேயே, பந்துக்கு உரிமை கேட்டுச் சத்தம் போட்டபடி போய்விட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். என் ஒரு ஷூ இந்தப் பச்சையிலும் இன்னொன்று அந்தப் பச்சையிலும் இருந்தது, எந்தக் காலை எடுத்து எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.